நிரம்புவதற்கு முன்பே நிறுத்து: தாவோவை அன்றாடத்தில் வைத்துப் பார்த்தால்

பழைய சீனத் தத்துவமான தாவோ என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ‘வூ வெய்’, அதாவது வலிந்து செய்யாமை. அதைச் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொண்டு, வேலையைத் தள்ளிப்போட நல்ல சாக்காக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தாவோவின் மூல நூலான ‘தாவோ தே ஜிங்’கின் 63, 64-ஆம் அத்தியாயங்களைப் படித்தால் அந்தச் சாக்கு செல்லாது. சிக்கல் முற்றுவதற்கு முன்பே, அது எளிதாக இருக்கும்போதே கைவைக்கச் சொல்கின்றன அவை. பின்னால் மல்லுக்கட்ட வேண்டாம் என்றால் முன்னாலேயே கொஞ்சம் வேலை பார்த்திருக்க வேண்டும். மூன்று வாரம் பதில் போடாமல் வைத்திருந்த கடிதத்தைப் பார்த்து ‘இயல்பாக நடக்கட்டும்’ என்பதற்குப் பழைய பெயர் சோம்பல்.

81 அத்தியாயங்களையும் முதலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. 1973-இல் ஹூனான் மாகாணத்துச் சாங்ஷாவில், மாவாங்துய் கல்லறையில் கிடைத்த பட்டுச் சுவடிகளில் நூலின் இரண்டு பகுதிகளில் ‘தே’ பகுதிதான் முன்னால் வருகிறது, ‘தாவோ’ பின்னால். இன்றைய பதிப்புகளில் ‘தே’ 38-இல் தொடங்குகிறது. அன்றாடத்துக்கு உதவும் 44, 48, 63, 64 எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. முதல் அத்தியாயத்தின் புதிரிலேயே சிக்கிப் புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் 38-க்குத் தாவிவிடலாம். ஆனால் ஒன்பதாவதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

பாத்திரத்தை விளிம்புவரை நிரப்பாதே, கத்தியை மேலும் மேலும் தீட்டினால் கூர் நிற்காது என்பது ஒன்பதாம் அத்தியாயம். இதை நேர அட்டவணையில் அப்படியே பயன்படுத்தலாம். 8 மணி நேர வேலை நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் முன்கூட்டியே ஒதுக்காதீர்கள். இது வெறும் நிம்மதிக்காகச் சொல்வதல்ல. காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் கணிதமும் இதையேதான் சொல்கிறது. வேலை எப்போது வரும், எவ்வளவு இழுக்கும் என்று தெரியாத இடத்தில் ஒரே ஆள் பார்ப்பதாக வைத்துக் கணக்குப் போடும் எளிய மாதிரி ஒன்று உண்டு. ஒரு வேலைக்குச் சராசரி 20 நிமிடம் என்று கொள்வோம். நாள் 75% நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக 1 மணி நேரம் காத்திருக்கும். 90% என்றால் 3 மணி நேரம். 95% என்றால் 6 மணி 20 நிமிடம். கடைசி ஐந்து சதவீதத்தில்தான் எல்லாம் குளறுபடியாகிறது.

அந்த 2 மணி நேரத்தை மாலைக்கென்று மொத்தமாக ஒதுக்கினால் பயனில்லை. காலையில் இழுத்தது முழுவதும் அதைத் தின்றுவிடும். கனமான ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் அரை மணி நேரமாகப் பிரித்து வையுங்கள். பிறர் பார்க்கும் அட்டவணையில் அதைக் காலியாகக் காட்டாதீர்கள். காலியிடம் கண்ணில் பட்டால் யாராவது ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்.

48-ஆம் அத்தியாயம் தினம் ஒன்றைக் குறைக்கச் சொல்கிறது. தினம் என்பது நடைமுறைக்கு அதிகம். வாரம் ஒன்று போதும். ஓர் அறிவிப்பொலி, ஒரு குழு, ஒரு வாராந்தர அறிக்கை. ஒரே நாளில் ஐந்தை வெட்டினால் எதனால் நிம்மதி வந்தது, எதனால் சிக்கல் வந்தது என்று பிரித்தறிய முடியாது. எடுத்த இடத்தில் இரண்டு வாரத்துக்கு வேறெதையும் வைக்காதீர்கள். பெரும்பாலோர் தோற்பது இங்கேதான்: ஒரு செயலியை நீக்கிவிட்டு அன்று மாலையே அதற்கு மாற்று தேடுவார்கள்.

தாவோவின் இன்னொரு பழைய நூலான ‘ஜுவாங் ட்சு’வின் மூன்றாம் அத்தியாயத்தில் வரும் சமையல்காரர் டிங், 19 ஆண்டுகளாக ஒரே கத்தியால் ஆயிரக்கணக்கான மாடுகளை அறுத்தவர். சாதாரணமானவன் எலும்பில் போட்டு வெட்டுவதால் மாதம் ஒரு கத்தி மாற்றுகிறான், கெட்டிக்காரன் ஆண்டுக்கு ஒன்று. டிங்கின் கத்தி மூட்டுகளின் இடைவெளியில் போகிறது. இந்தக் கதையை எடுத்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த லாகவத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது. சிக்கலான முடிச்சு வந்ததும் டிங் வேகத்தைக் குறைக்கிறார், பார்வையை அங்கேயே நிறுத்துகிறார், கத்தியை மிகக் கொஞ்சமாக அசைக்கிறார். முடிந்ததும் நிமிர்ந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கத்தியைத் துடைத்து எடுத்து வைக்கிறார்.

துருப்பிடித்த ஸ்க்ரூவில் இதைச் செய்து பார்க்கலாம். திரும்பவில்லை என்றதும் கை தானாகவே பலத்தைக் கூட்டும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலையின் பள்ளம் தேய்ந்துபோகும், அதன்பின் ஒன்றும் செய்வதற்கில்லை. அசையவில்லை என்று கைக்குத் தெரிந்த கணமே நிறுத்துங்கள். முனை பள்ளத்தில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். சிறிய முனை என்றால் மாற்றுங்கள். துருவை இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு 15 நிமிடம் காத்திருங்கள். பிறகு பலத்தில் பெரும்பகுதியைக் கீழ்நோக்கி அழுத்துவதற்கும் மிச்சத்தைத் திருப்புவதற்கும் கொடுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழை அளவு, அப்புறம் தளர்த்தும் பக்கமாக. துருவின் பிடி விட்டதும் அது சாதாரண ஸ்க்ரூதான். ஒரே பத்தியை நாலாவது முறையாகத் திருத்தும்போதும், ஒரே வாதத்தை வீட்டில் உரத்த குரலில் திரும்பச் சொல்லும்போதும் இதே எதிர்ப்பைத்தான் சந்திக்கிறோம். அங்கேயும் பலத்தைக் கூட்டினால் தேய்வது பள்ளம்தான்.

அதே ‘ஜுவாங் ட்சு’வின் இருபதாம் அத்தியாயத்தில் வரும் காலிப் படகு இணையத்தில் மிகவும் அடிபட்ட கதை. ஆற்றைக் கடக்கும்போது ஆளில்லாத படகு வந்து மோதினால் முன்கோபிக்கும் கோபம் வராது. ஆள் இருந்தால் மூன்றாவது கூப்பாட்டில் வசை வந்துவிடும். ‘எதிரே வருபவரைக் காலிப் படகாக நினைத்துக்கொள்’ என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். மூலத்தில் கதை முடிகிற இடம் வேறு: தன்னைக் காலியாக்கிக்கொண்டு உலகில் உலவுகிறவனுக்கு யார் தீங்கு செய்ய முடியும் என்று முடிகிறது. படகு நாம்தான். இந்த வித்தியாசம் நடைமுறையில் பெரியது. தொடர்ந்து இடித்துக்கொண்டே இருப்பவரைக் காலிப் படகாக நினைத்துப் பொறுத்துப்போனால் இடி நிற்காது. பதில் எழுதும்முன் உங்கள் வரைவில் ‘நான்’ வருகிற இடங்களை எண்ணி, உங்கள் மரியாதையைக் காக்க மட்டும் எழுதிய வாக்கியங்களை அடித்துவிடுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் நாலு வரிதான்: என்ன நடந்தது, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள். கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது அந்த நாலு வரியிலும் இருக்கலாம்.

முடியப்போகும் நேரத்தில்தான் காரியம் கெடுகிறது என்கிறது ‘தாவோ தே ஜிங்’கின் 64-ஆம் அத்தியாயம். அனுப்பும் முன் இணைப்பைச் சரிபார்ப்பது, கருவியைத் துடைத்து அதன் இடத்தில் வைப்பது, நாளைக்கு எங்கே தொடங்குவது என்று ஒரு வரி எழுதி வைப்பது: இதற்கெல்லாம் 10 நிமிடத்தை வேலையின் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

‘ஜுவாங் ட்சு’வின் பதினேழாம் அத்தியாயத்தில் ஷோலிங் ஊர் இளைஞன் ஒருவன் ஹான்டான் நகரத்தாரின் நடையைக் கற்கப் போகிறான். அதுவும் வரவில்லை, சொந்த நடையும் மறந்துபோய்த் தவழ்ந்தே ஊர் திரும்புகிறான். அடுத்தவரின் ஐந்து மணிக் காலைப்பொழுதை நகலெடுப்பவர்களுக்கும், மேலே உள்ள எல்லாவற்றையும் திங்கட்கிழமையே தொடங்க நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அட்டவணையில் மட்டும் முதலில் கைவையுங்கள். இரண்டு வாரம் அது நிலைத்தால் குறைப்பதற்குப் போகலாம்.