ஹைக்கூவுக்குள் இன்னொரு இயந்திரம்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

ஹைக்கூ என்ற திறந்த மூல இயங்குதளத்தில், கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் கியூஎமு மென்பொருள் இருக்கிறது. ஆனால் கெஸ்ட்டின் (உள்ளே ஓடும் இயந்திரத்தின்) கட்டளைகளை எல்லாம் மென்பொருளிலேயே மொழிபெயர்த்துத்தான் ஓட்டுகிறது. சின்ன லினக்ஸ் ஒன்றைக் கிளப்பினால், லாகின் திரை வருவதற்குள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். இதை வன்பொருளிலேயே வேகமாகச் செய்யும் விடி-எக்ஸ் வசதி புராசசருக்குள் சும்மா கிடக்கிறது. இன்டெல் 2005 நவம்பரில் கொண்டுவந்தது; ஏஎம்டியும் இதற்கு இணையானதை 2006-இல் கொண்டுவந்தது. லினக்ஸில் இதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007-லேயே 2.6.20 பதிப்போடு வந்துவிட்டது.

கேவிஎம்-ஐ அப்படியே பெயர்த்து வர முடியாது. லினக்ஸின் நினைவக நிர்வாகத்தோடு அது பின்னிப் பிணைந்தது. உரிமமும் ஜிபிஎல், ஹைக்கூவோ எம்ஐடி. பொருந்துவது அதே வேலையைச் செய்யும் என்விஎம்எம். மாக்சிம் வில்லார்ட் நெட்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதியது, 2020 பிப்ரவரியில் 9.0 பதிப்போடு வெளிவந்தது. பிறகு டிராகன்ஃபிளை பிஎஸ்டிக்கும் போனது. இந்த ஆண்டு கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் அதை ஹைக்கூவுக்குக் கொண்டுவரும் வேலை நடந்தது. நான் அதோடு போட்டி போடவில்லை. அடியில் என்ன நடக்கிறது என்று கைப்பட எழுதிப் பார்க்க ஆசை, அவ்வளவுதான். ஹைக்கூவின் பீட்டா 5 பதிப்பு வந்த கையோடு என் சொந்தக் கிளையைத் தொடங்கிவிட்டேன்.

2024 அக்டோபர் 9, புதன்

சோதனையை நேரடி இயந்திரத்தில் வைத்துக்கொள்ளவில்லை. லினக்ஸில் கேவிஎம், அதற்குள் ஹைக்கூ, அதற்குள் என் கெஸ்ட். கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) விழுந்தால், கேடிஎல் என்ற அதன் பிழைதேடும் திரையில் வருவது அப்படியே சீரியல் வழியாக ஃபைலில் சேர்ந்துவிடும்.

விடி-எக்ஸின் கட்டளைத் தொகுதியான விஎம்எக்ஸ்-ஐ முடுக்குவதில் பெரிய வித்தை இல்லை. சிபியுஐடி கட்டளையால் வசதி இருக்கிறதா என்று கேள். பயாஸ் அதை அணைத்துப் பூட்டியிருக்கிறதா என்று எம்எஸ்ஆர் எனும் புராசசரின் அமைப்பு ரெஜிஸ்டரில் பார். சிஆர்4 கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் 13-ஆம் பிட்டை ஏற்று. 4 கேபி பக்கம் ஒன்றின் தலையில் புராசசர் சொல்லும் திருத்த எண்ணை எழுதி, அதன் பௌதிக முகவரியோடு விஎம்எக்ஸ்ஆன் கட்டளை கொடு. இதைப் புராசசரின் ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எல்லாக் கோரிலும் ஒரு ஃபங்ஷனை ஓட்ட ஹைக்கூ கெர்னலில் ஏற்கெனவே வழி உண்டு, அதனால் டிரைவர் கோடு சின்னதாகவே முடிந்தது.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

கெஸ்ட்டைத் தொடங்கும் விஎம்லாஞ்ச் கட்டளை பிழை எண் 7 தருகிறது. கட்டுப்பாட்டுப் புலம் ஏதோ ஒன்று செல்லாது என்று அர்த்தம். எது என்று புராசசர் சொல்லாது. இன்டெல் கையேட்டின் மூன்றாம் தொகுதியில் பக்கம் பக்கமாகப் போகும் சரிபார்ப்புப் பட்டியலை விரல் வைத்துப் படிப்பதுதான் வழி.

இதற்கென்றே சில எம்எஸ்ஆர்கள் உண்டு. ஒவ்வொன்றின் கீழ் 32 பிட்டில் எவை கட்டாயம் 1 ஆக இருக்க வேண்டும் என்பதும், மேல் 32 பிட்டில் எவை 1 ஆக இருக்கலாம் என்பதும் இருக்கும். நாம் விரும்பும் மதிப்பைக் கீழ்ப் பாதியோடு ஆர் (OR) செய்து, மேல் பாதியோடு ஆண்ட் (AND) செய்தால் சரி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆண்ட் செய்தால், கேட்ட வசதி சத்தமில்லாமல் கழன்றுபோகும். அதனால் எனக்குத் தேவையான பிட் விழுந்துவிட்டால் டிரைவர் ஏறவே கூடாது என்று வைத்துவிட்டேன்.

2024 அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை.

2024 நவம்பர் 3, ஞாயிறு

ஓடிவிட்டது! கெஸ்ட் என்பது மூன்றே வரி அசெம்பிளி: ஏஎல் ரெஜிஸ்டரில் ஓர் எழுத்து, அதை முதல் சீரியல் போர்ட்டுக்கு அவுட், பிறகு ஹால்ட். கெஸ்ட்டிலிருந்து முதல் வெளியேற்றத்துக்குக் காரணம் 30, அதாவது போர்ட் கட்டளை. அடுத்தது காரணம் 12, ஹால்ட். நடுவில் ஆர்ஐபி-யை (ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை) அந்தக் கட்டளையின் நீளத்துக்கு நகர்த்திவிடுவது நம் பொறுப்பு. இல்லையென்றால் கெஸ்ட் அதே அவுட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

ரியல் மோடில் (புராசசரின் பழைய 16-பிட் நிலையில்) இப்படி நேராக ஓட்ட முடிவது 2010-க்குப் பிந்தைய சௌகரியம். இன்டெல்லின் வெஸ்ட்மியர் தலைமுறைக்கு முன்னால் இதற்கே குட்டிக்கரணம் அடிக்க வேண்டியிருந்தது.

2024 நவம்பர் 10, ஞாயிறு

உள்ளே போவது சுலபம், திரும்பி வருவதுதான் பாடு. கெஸ்ட்டிலிருந்து வெளியே வரும்போது புராசசர் ஹோஸ்ட்டின் (வெளியே ஓடும் ஹைக்கூவின்) நிலையை மீட்டுத்தரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஆர்ஐபி, ஆர்எஸ்பி, கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்கள், செக்மென்ட்கள் திரும்பும். ஆர்ஏஎக்ஸ் முதல் ஆர்15 வரை மற்ற பொது ரெஜிஸ்டர்களை அது தொடாது. நாமே தள்ளி நாமே எடுக்க வேண்டும். சிஆர்2, மிதவைப் புள்ளி ரெஜிஸ்டர்கள் கதையும் அதுவே.

இதைவிட விஷமம் ஜிடிடி, அதாவது செக்மென்ட்களின் விவரங்களை (டிஸ்கிரிப்டர்களை) வைத்திருக்கும் அட்டவணை. அதன் முகவரி சரியாகத் திரும்பும், எல்லை மட்டும் 65535 என்று மாறியிருக்கும். எந்தப் பிழையும் வராது, எல்லாம் ஓடும். ஆனால் அட்டவணைக்கு அப்பால் நினைவகத்தில் கிடக்கும் குப்பையையும் புராசசர் இனி டிஸ்கிரிப்டர் என்று நம்பத் தயார். பாதுகாப்பில் திறந்த ஓட்டை. எனவே ஒவ்வொரு வெளியேற்றத்துக்குப் பிறகும் எல்ஜிடிடி கட்டளையால் அதைத் திரும்ப ஏற்றுகிறேன். கேவிஎம்-மும் ஜிடிடியை மறுபடி ஏற்றத்தான் செய்கிறது.

அடுத்து எல்ஸ்டார். 64-பிட் புரோகிராம் ஒன்று சிஸ்கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) செய்தால் எந்த முகவரிக்குத் தாவ வேண்டும் என்று வைத்திருக்கும் எம்எஸ்ஆர். 64-பிட் கெஸ்ட்டுக்காக அதில் கெஸ்ட்டின் முகவரியை ஏற்றுகிறோம். வெளியே வரும்போது அது தானாக மாறாது. விருந்துக்கு வந்தவர் வாசல் பூட்டை மாற்றிவிட்டுப் போனது போலத்தான்: அந்தக் கோரில் அடுத்து சிஸ்கால் செய்யும் ஹைக்கூ புரோகிராம் எதுவானாலும், கெர்னல் அதிகாரத்தோடு கெஸ்ட் சொன்ன முகவரிக்குத் தாவும்.

கேவிஎம் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கெர்னல் தானே சிஸ்கால் செய்வதில்லை. எனவே பயனர் பக்கம் திரும்பும் தறுவாயில் மீட்டால் போதும் என்று ஒத்திப்போடுகிறது. ஹைக்கூவில் அதற்குக் கொக்கி போட வேண்டுமென்றால் சிஸ்கால் பாதையிலேயே கை வைக்க வேண்டும். ஒரு டிரைவருக்காக அதைத் தொட மனம் வரவில்லை. ஒவ்வொரு முறையும் மீட்கிறேன். மெதுவாக இருந்தால் இருக்கட்டும்.

2024 நவம்பர் 16, சனி

ஒரு கோரில் ஏற்றிய விஎம்சிஎஸ்-ஐ (கெஸ்ட்டின் நிலையை வைத்திருக்கும் நினைவகப் பகுதியை), அங்கே விஎம்கிளியர் செய்யாமல் இன்னொரு கோரில் ஏற்றக் கூடாது. அதன் பகுதிகள் பழைய கோரின் உள்ளேயே தங்கியிருக்கலாம். எந்தத் திரெட் எந்தக் கோரில் ஓடும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலருக்கு இந்த விவரம் தெரியாது, திரெட்டை இஷ்டப்படி நகர்த்தும். லினக்ஸில் திரெட் இறங்கும்போதும் ஏறும்போதும் கேவிஎம்-முக்குத் தகவல் போகும். என்விஎம்எம் வழி வேறு: புதிய கோரில் நுழையும்போது, பழைய கோருக்குச் செய்தி அனுப்பிக் கிளியர் செய்யவைக்கும். ஷெட்யூலரைத் தொடாத அந்த வழியையே நானும் எடுத்துக்கொண்டேன். கெஸ்ட்டுக்குள் இருக்கும் நேரத்தில் மட்டும் திரெட்டை அந்தக் கோரோடு கட்டிவைக்கிறேன்.

2024 நவம்பர் 24, ஞாயிறு

நினைவகம். கெஸ்ட் தன் பௌதிக முகவரி என்று நம்புவதை உண்மையான முகவரியாக்குவது இபிடி என்ற அட்டவணை. பார்க்கச் சாதாரணப் பேஜ் டேபிள் போலவே நான்கு அடுக்கு. ஹைக்கூவின் இருக்கும் கோடையே மறுபடி பயன்படுத்தலாம் என்று சபலம் தட்டும். ஆனால் இபிடி-யில் 'இருக்கிறது' என்று சொல்லத் தனிப் பிட் இல்லை. படி, எழுது, இயக்கு மூன்றும் 0 என்றால் பக்கம் இல்லை, அவ்வளவே. படிக்கும் உரிமையில்லாமல் எழுதும் உரிமை மட்டும் கொடுத்தால் காரணம் 49 என்று வெளியே தள்ளும். கேஷ் வகையையும் அந்த வரியிலேயே எழுத வேண்டும். தனி கிளாஸ்தான் நியாயம்.

கெஸ்ட்டின் ரேம் முழுவதையும் இப்போதைக்குப் பூட்டி வைத்திருக்கிறேன். 512 எம்பி கெஸ்ட் என்றால் 512 எம்பியும் போனது போனதுதான். பக்கங்களை வெளியே தள்ளவிட்டால், எது பயன்பட்டது என்று கெர்னலுக்கு இபிடி சொல்ல வேண்டும். அந்தக் குறிப்புப் பிட்கள் இன்டெல்லின் ஹாஸ்வெல் தலைமுறை முதல்தான் உண்டு.

ஏபிக் (இன்டரப்ட் கட்டுப்படுத்தி), டைமர், டிஸ்க் எதையும் கெர்னலுக்குள் எழுதப்போவதில்லை. என்விஎம்எம்-மும் அவற்றைக் கியூஎமு தலையில்தான் கட்டுகிறது. 2021-இல் வந்த கியூஎமு 6.1 முதல் என்விஎம்எம் ஆதரவு அதிலேயே இருப்பதால், என் டிரைவரின் ஐஆக்டில்களை (டிரைவரிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) என்விஎம்எம்-இன் நூலகம் எதிர்பார்க்கும் வடிவத்துக்கு மாற்றுவது அடுத்த வேலை. ஏஎம்டி பக்கம் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.