செக்கும் ஒரு சட்டப்பிரிவும்

கிண்டி காந்தி மண்டபத்தில் வ.உ.சி. இழுத்த செக்கை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றால் தொண்டை அடைக்கிறது. மாடு இழுக்க வேண்டியதை ஒரு வக்கீல் இழுத்தார்.

அவர் செய்த குற்றம் மேடையில் பேசியது. 1908இல் திருநெல்வேலி நீதிமன்றம் பேச்சுக்கு 20 வருடம், சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு இன்னொரு 20 வருடம் எனத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில்தான் குறைந்தது. சட்டம், இந்திய தண்டனைச் சட்டத்தின் தேசத்துரோகப் பிரிவான 124ஏ.

வெள்ளைக்காரன் போனான், பிரிவு போகவில்லை. கூடங்குளம் அணு உலை வேண்டாம் என்று இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்த மீனவர்கள், பீடி சுற்றும் பெண்கள் என ஆயிரக்கணக்கானோர் மேல் இதே தேசத்துரோக வழக்கு. வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குப் பிறகும் பாஸ்போர்ட் கிடைக்காமல், வெளிநாட்டு வேலைக்குப் போக முடியாமல் அந்த ஊர்ப் பையன்கள் அலைந்தார்கள். தண்டனையே தேவையில்லை, வழக்கு ஒன்று போதும். இதுதான் எனக்குப் பெரிய பயம்.

2022இல் உச்ச நீதிமன்றம் 124ஏவை நிறுத்தி வைத்தபோது, சரி, ஒழிந்தது என்று நிம்மதிப்பட்டேன். 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. அதில் 124ஏவின் இடத்தில் வந்த 152ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தேசத்துரோகம் என்ற சொல் இல்லை. ஆயுள் தண்டனை அப்படியே இருக்கிறது. ஆயுள் இல்லாவிட்டால் மூன்று வருடம் வரை என்றிருந்தது ஏழாகியிருக்கிறது.