விசாரம் எழுதும் நோட்டு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

காலையில் ஊசிக்கோபுரம் கோயிலில் ஆராதனை முடித்து வந்தேன். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து நாட்களில் வழக்கமாக எதையாவது விடுவேன். போன வருஷம் காபி. இந்த முறை விடுவதில்லை, எழுதப் போகிறேன். 71 வயதில் தூக்கம் இரண்டு மணிக்கே கலைந்துவிடுகிறது. பிறகு விடியும் வரை கவலைதான். எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்று பைபிளின் 139ஆம் சங்கீதத்தைச் சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன். அவர் ஆராயும்போது நானும் கூட உட்கார வேண்டாமா? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 6

இரவு 2.10. காஸ் அடைத்தேனா. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. பென்ஷன் நேர்காணல். சர்க்கரை மாத்திரை நான்கு நாளைக்குத்தான் இருக்கிறது. தம்பி ஏன் மெலிந்திருக்கிறான். (மகனை வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். மஸ்கட்டில் வேலை.) எண்ணிப் பார்த்தால் ஐந்து. எழுந்து போய்ப் பார்த்தேன், காஸ் அடைத்துத்தான் இருந்தது. ஒன்றை அடித்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 12

மார்ச்சில் ஓய்வு பெற்றவள் என்பதால், உயிரோடு இருப்பதைக் காட்டும் பென்ஷன் நேர்காணல் இந்த மாதம். இ-சேவை மையத்தில் கைரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. சாக்பீஸ் பிடித்த கை, பாத்திரம் துலக்கிய கை, வயதும் சேர்ந்து ரேகை தேய்ந்துவிட்டது. அந்தச் சின்னக் கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்த பெண், "ஆச்சி, கொஞ்சம் எண்ணெய் தடவி, நல்லா கழுவிட்டு நாளைக்கு வாங்க" என்று தன்மையாகத்தான் சொன்னாள். ஆனால் ஆட்டோவில் வரும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. பணம் நின்றுவிடுமோ என்ற பயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை. உயிரோடு இருப்பதைக் காட்ட முடியாமல் அத்தனை பேர் முன்னால் நின்றேனே, அதுதான். அது தெரிந்ததும் ஜெபிக்க வார்த்தையும் வந்துவிட்டது: "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமல்" இரும், ஆண்டவரே.

மார்ச் 13

இடது மோதிர விரல் பதிந்தது. ஸ்தோத்திரம்.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வர வேண்டிய தம்பியின் போன் வரவில்லை. பத்தரை வரை கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவனுக்கு என்ன ஆச்சோ என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன், பேனா ஓடவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு வாட்ஸப்பில் பேரனின் படம் போட்டிருந்தான். எனக்கு வந்தது கவலையே இல்லை, மனவருத்தம். என்னை நினைக்கவில்லையே என்ற வருத்தம். இத்தனை வருஷமும் அதற்குக் கவலை என்று பெயர் வைத்திருக்கிறேன். "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று சங்கீதக்காரன் தன்னிடமே கேட்கிறான். அந்தக் கேள்விக்கு இன்றைக்குத்தான் நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 24

நானே கூப்பிட்டேன். முதலில் வேலை என்றான். அப்புறம் மெதுவாக, "உங்ககிட்ட ஒண்ணு சொல்ல பயமா இருக்கும்மா. சொன்னா நீங்க ஒரு வாரம் தூங்க மாட்டீங்க" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. கவலைப்படுவதைத்தான் பாசம் என்று நினைத்திருந்தேன். அது என் பிள்ளையின் வாயை அடைத்து வைத்திருக்கிறது.

ஏப்ரல் 2

தமிழ் டீச்சராக இருந்தும் இதைக் கவனிக்காமல் போனேனே. "என் உள்ளத்தில் விசாரங்கள் பெருகுகையில்" என்கிறது 94ஆம் சங்கீதம். பேதுரு எழுதும்போது "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்கிறார். நமக்குள் பெருகுவது விசாரம், அதாவது கவலை; அவர் செய்வது விசாரிப்பு. வேர் ஒன்றுதான். ஊரில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் விசாரிக்கப் போகிறோம். போய் என்ன செய்கிறோம்? பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்கிறோம். கர்த்தர் என்னிடம் அப்படித்தான் வந்து உட்காருகிறார் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது. தம்பியை நான் ஒரு நாளாவது அப்படி விசாரித்திருக்கிறேனா? சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, ஏன் மெலிஞ்சிட்ட. இவ்வளவுதான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி போய் வந்து, ஓலைச் சிலுவையை வாசல் நிலையில் செருகி வைத்தேன். இரவு ஒன்பது மணிக்குத் தம்பியே கூப்பிட்டான். "வேலை எப்படிப் போகுது, ஐயா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், ஜூனில் இவன் பெயரும் வரலாம். அடிவயிறு இறுகியது. பதற்றம் வருகிறது என்று எனக்கே தெரிந்தது. மறு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் பேசினான். "சரி ஐயா, ஜெபிப்போம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மணி வரை தூக்கம் வரவில்லை. நோட்டில் அவன் பெயரை எழுதினேன், ஜெபித்தேன், மறுபடியும் ஜெபித்தேன். திரும்பப் போன் போடவில்லை.