நலப் பழக்கங்களை மாற்ற உதவும் தொழில்நுட்ப வடிவமைப்பு: பாடத்தைப் படித்த விதமும் தேர்வு எழுதிய விதமும்

இப்பாடத்தை எடுக்க நினைப்பவர்கள், நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் படித்த அளவில் அதைவிடக் கூடுதலாகக் கைகொடுத்தது, ஒவ்வொரு கோட்பாட்டையும் படித்து முடித்தவுடன் 'இது உண்மையென்றால் செயலியில் எதை மாற்ற வேண்டும்?' என்று கேட்டு, விடையை ஓரத்தில் ஒரு வரியாக எழுதிவைத்த பழக்கமே. வரையறைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் குறுவினாக்களை எளிதில் கடந்துவிடுவார்கள். ஒரு சூழலைக் கொடுத்து வடிவமைக்கச் சொல்லும் நெடுவினாவில்தான் தடுமாறுவார்கள்.

சூசன் மிக்கி, மார்ட்யே வான் ஸ்ட்ராலன், ராபர்ட் வெஸ்ட் ஆகிய ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட காம்-பி (COM-B) மாதிரியிலிருந்து தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன். ஒரு நடத்தை நிகழத் திறன், வாய்ப்பு, உந்துதல் ஆகிய மூன்றும் வேண்டும் என்பதே அதன் சாரம். மாத்திரையை ஒழுங்காக எடுக்காத மூவரை எண்ணிப் பாருங்கள்: ஒருவர் மறந்துவிடுகிறார், இன்னொருவருக்கு மாத்திரை தீர்ந்துபோய் மருந்தகம் செல்ல வழியில்லை, மூன்றாமவர் பக்கவிளைவுக்கு அஞ்சித் தெரிந்தே தவிர்க்கிறார். நினைவூட்டல் ஒலி முதலாமவருக்கு மட்டுமே பயன்படும். மூன்றாமவருக்கு அது தொல்லையாகி, செயலியையே நீக்கவும் வைக்கலாம். தடை எதுவென்று கண்டறியாமல் அம்சங்களை அடுக்கும் விடைகளுக்கு மதிப்பெண் குறைவது நியாயமே.

2013இல் வந்த நடத்தை மாற்ற உத்திகளின் வகைப்பாடு 93 உத்திகளை 16 தொகுதிகளாகப் பிரிக்கிறது. அதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கைப்பேசியில் உள்ள ஏதேனும் ஒரு நலச் செயலியைத் திறந்து, ஒவ்வொரு திரையிலும் எந்த உத்தி செயல்படுகிறது என்று பெயரிட்டுப் பழகினால் போதும். இலக்கு நிர்ணயம், தற்கண்காணிப்பு, பின்னூட்டம் ஆகியவையே திரும்பத் திரும்ப வருவதை விரைவில் காண்பீர்கள்.

ஆய்வுக் கட்டுரைகளை முடிவுரையோடு நிறுத்தாமல் முறையியலையும் சேர்த்துப் படியுங்கள். பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் நிலையை நெருங்க இடைநிலை மதிப்பாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. 12 வாரம் என்பது 84 நாட்களே என்பதால், 254 என்ற எண் நேரில் அளந்ததன்று, அளந்த நாட்களின் போக்கைக் காட்டும் வளைகோட்டை நீட்டிக் கணித்தது. இதைக் குறிப்பிடும் விடை தனித்துத் தெரியும். ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அப்படியானால், ஒருநாள் விடுபட்டவுடன் தொடர்நாள் எண்ணிக்கையைச் சுழியமாக்கும் செயலி எதை நம்பி அவ்வாறு செய்கிறது? எனக்கு இப்பாடத்தின் மீது உண்மையான பற்று வந்தது இத்தகைய கேள்விகளால்தான்.

செயலி பலன் தருகிறதா என்று சோதிக்கும் மதிப்பீட்டுப் பகுதியைப் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள். அதை நடுவிலேயே படித்துவிடுவது நல்லது. செயலியைப் பலமுறை திறப்பதும் பழக்கம் மாறுவதும் வேறுவேறு என்பதை விடையில் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். சிறிய மாணவர் திட்டத்தில் நீண்டகால நடத்தை மாற்றத்தை நிறுவ முயலாமல், தேர்ந்தெடுத்த உத்தி எண்ணியபடி செயல்படுகிறதா, பயனர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று ஆராய்வதே பொருத்தம். பிரெட்ராக் கிளாஸ்ன்யா, சன்னி கன்சால்வோ, வாண்டா பிராட் ஆகியோரின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு வலுவான சான்று.

தேர்வில் நான் கடைப்பிடித்த வரிசை: யாருடைய எந்த நடத்தை, எது தடை, எந்த உத்தி, அது பலித்ததா என்று எப்படி அறிவது. இவற்றுக்குப் பின், யாருக்குத் தீங்கு நேரலாம் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கினேன். உணவுண்ணல் கோளாறு உள்ளவர்களுக்குக் கலோரிக் கணக்கு நோயைத் தீவிரப்படுத்தக்கூடும். ஆகவே அந்த அம்சத்தை அணைத்துவைக்கும் வழியையும் செயலியின் வடிவமைப்பு வரைபடத்திலேயே காட்டுங்கள்.