ஹோம் மேட்ச், வார்சாவில்: ஷக்தார் 2022–23 நாட்குறிப்பு

ஆகஸ்ட் 23, 2022

உக்ரைன் பிரீமியர் லீக் இன்று மதியம் மறுபடி தொடங்கியது. நாளையோடு போருக்கு ஆறு மாதம். கீவ் ஒலிம்பிஸ்கி மைதானத்தில் 70,000 பேர் உட்காரலாம். இன்று ஒரு ரசிகர்கூட இல்லை. ராணுவ உடையில் வந்த ஒருவர் முதல் பந்தை உதைத்துக் கொடுத்தார். ஷக்தார் டொனெட்ஸ்க், மெட்டலிஸ்ட் 1925 இரண்டும் மோதின. 0–0.

ஆட்டம் சுமார்தான். ஆனால் நானும் வீட்டுக்கார அம்மாவும் லேப்டாப் முன்னாலிருந்து நகரவே இல்லை. கார்கிவில் படித்தபோது இவர் வீட்டில்தான் வாடகைக்கு இருந்தேன். இப்போது நான் வேலை பார்க்கும் வார்சாவில் இவர் என் வீட்டில் இருக்கிறார். மார்ச்சில் குண்டு மழைக்கு நடுவே ரயிலேறி, போலந்து எல்லையில் இருக்கும் பிஷெமிஷல் வந்து இறங்கினார். போய் அழைத்து வந்தேன். கையில் ஒரு பை, பையில் ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு மஃப்ளர். அவர் கணவர் டொனெட்ஸ்க் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷக்தார் என்றாலே சுரங்கத் தொழிலாளி என்றுதான் அர்த்தம். எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நான் அவரை அம்மா என்கிறேன். அவர் என்னை ‘சினோக்’ என்கிறார், மகனே என்பது போல.

இந்த சீசனை எழுதி வைக்கப் போகிறேன். டொனெட்ஸ்கில் 2009-ல் திறந்த டோன்பாஸ் அரினா மைதானத்தை, ரஷ்ய ஆதரவுப் படைகள் ஊரைப் பிடித்ததால் 2014-ல் விட்டு வந்த அணி இது. அப்புறம் லிவிவ், கார்கிவ், கீவ் என்று ஊர் ஊராக மாறியது. இந்த வருடம் ஐரோப்பியப் போட்டிகளுக்கு ஹோம் மைதானம் வார்சா. என் வீட்டிலிருந்து டிராமில் இருபது நிமிடம்.

ஆகஸ்ட் 25

லிவிவில் நேற்று ருக் – மெட்டலிஸ்ட் கார்கிவ் (இது வேறு மெட்டலிஸ்ட்) ஆட்டம் தொடங்கி முடிய 4 மணி 27 நிமிடம் ஆகியிருக்கிறது. சைரன் ஒலிக்கும்போதெல்லாம் இரு அணிகளும் பதுங்கு அறைக்கு ஓட வேண்டும். உடம்பு சூடு ஆறிப்போகும், திரும்பி வந்து மறுபடி வார்ம் அப் செய்ய வேண்டும். தசை பிடித்துக்கொள்ளாதா என்றுதான் எனக்குக் கவலை. லீக் முழுக்க இப்படித்தான் இருக்கப் போகிறது. உக்ரைன் கோப்பைப் போட்டி இந்த வருடம் கிடையாது. மரியுபோல் அணியும் செர்னிஹிவின் தெஸ்னாவும் லீக்கிலேயே இல்லை.

செப்டம்பர் 7

சாம்பியன்ஸ் லீக் முதல் ஆட்டம், ஜெர்மனியில்: லைப்சிக் 1, ஷக்தார் 4!

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை, நானும்தான். போருக்கு முன்பு ஷக்தார் என்றாலே பிரேசில்காரர்கள்தான். வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஃபிஃபா விதி கொண்டுவந்தது. பயந்துபோய்க் கிளம்பிய வீரர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்றிருந்தால் வந்திருக்க வேண்டிய பணத்தைக் கிளப் இழந்தது. மைதானத்தை இழந்த கிளப்பிடமிருந்து இதையும் பறித்தது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

எஞ்சியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். பயிற்சியாளர் ஜூலையில்தான் வந்தார், குரோஷியாவின் இகோர் யோவிச்செவிச். லைப்சிக் கோல்கீப்பர் குலாச்சி தப்பாகக் கொடுத்த பந்தை ஷ்வெத் எடுத்து உள்ளே தள்ளினார். இரண்டாம் பாதியில் லைப்சிக் சமன் செய்தது. சரி, இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்த நிமிடமே ஷ்வெத் மறுபடி! பிறகு முத்ரிக், கடைசியில் திராவொரே. லைப்சிக் பயிற்சியாளர் தெதெஸ்கோவை இன்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள்.

நான்காவது கோல் விழுந்ததும் அம்மா போனை எடுத்தார். அவர் தம்பி இன்னும் டொனெட்ஸ்கில்தான் இருக்கிறார். போனில் எதையும் வெளிப்படையாகப் பேச முடியாது, யார் காதில் விழும் என்று தெரியாது. அதனால் ஸ்கோர் மட்டும் அனுப்புவார். ‘4:1’. வணக்கம்கூட இல்லை. அரை மணி கழித்துத் தம்பியிடமிருந்து ஒரு புள்ளி வந்தது. பார்த்துவிட்டேன் என்று அர்த்தமாம்.

செப்டம்பர் 15

நேற்று முதல் ஹோம் மேட்ச். லாஜியென்கோவ்ஸ்கா தெருவில் இருக்கும் லெகியா மைதானம். எதிரணி ஸ்காட்லாந்தின் செல்டிக், 1–1.

நுழைவாயிலிலேயே ஒன்று கண்ணில் பட்டது. வரிசையில் எங்கு பார்த்தாலும் பெண்கள், குழந்தைகள். போர் வயதில் இருக்கும் ஆண்கள் நாட்டை விட்டு வெளியே வர முடியாது. அதனால் வழக்கமாகக் கால்பந்து மைதானத்தில் கேட்கும் கனத்த குரல் இங்கே இல்லை. பாட்டு எழும்பும்போது பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி கீச்சென்று எழும்புகிறது. எனக்கு முன்னால் ஒரு சிறுமி, முகத்தில் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். நம் போந்தரென்கோ காலில் பட்டு சேம்சைடு கோல் விழுந்தபோது தன் அம்மா மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். முத்ரிக் இடது பக்கம் தனியாகப் பறந்து போய் வலையின் கூரையில் அடித்தபோது பெஞ்ச் மேல் ஏறி நின்றாள். கன்னத்துச் சாயம் முழுக்க அவள் அம்மாவின் பாவாடையில்.

ஷ்வெத்தை ஒரு காலத்தில் விலைக்கு வாங்கி, அதிகம் ஆட விடாமல் ஓரமாக உட்காரவைத்தது இதே செல்டிக்தான். அவர் கால் பந்தைத் தொட்டபோதெல்லாம் நான் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன்.

அக்டோபர் 6

மாட்ரிடில் 1–2. முதல் அரை மணியில் ரியால் மாட்ரிட் நம்மை உருட்டி எடுத்துவிட்டது. பிறகு ஸுப்கோவ் அடித்த கோல் அழகு. ரொட்ரிகோ, வினிசியஸ் மாதிரி ஆட்களுக்கு எதிராக இரண்டே கோல் வாங்கினோம் என்றால் நம் கோல்கீப்பர் ட்ருபின் புண்ணியம்.

அக்டோபர் 12

நேற்று ராத்திரி தூங்கவில்லை.

முந்தின நாள், 10-ஆம் தேதி காலை, உக்ரைன் மேல் ஒரே நாளில் 80-க்கும் மேற்பட்ட ஏவுகணைகள் வந்தன. கீவ் நகர நடுவிலும் விழுந்தன. ஆட்டக்காரர்களின் குடும்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. உக்ரைன் வானத்தில் விமானம் பறக்க முடியாது, ஒவ்வொரு ஹோம் மேட்சுக்கும் பஸ்ஸில் எல்லை தாண்டித்தான் வருகிறார்கள். வீட்டுக்குப் போன் போட்டு எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு, மறுநாள் இங்கே ஐரோப்பியச் சாம்பியன் ரியால் மாட்ரிடை எதிர்த்து ஆட வேண்டும்.

எப்படி ஆடினார்கள் தெரியுமா! இரண்டாம் பாதி தொடங்கிய கையோடு ஸுப்கோவ் கோல். அதன் பிறகு 45 நிமிடம் நானும் அம்மாவும் உட்காரவே இல்லை. அவருக்கு முழங்கால் வலி, முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாதாரணமாக நம் அணி முன்னிலையில் இருந்தால் கடைசி நிமிடங்களில் எல்லோரும் பின்னால் போய்க் கோட்டை கட்டிக்கொள்வார்கள். இவர்கள் அப்படி ஆடவில்லை. ஸுதாகோவ் நடுவில் பந்தை வாங்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் முன்னால்தான் பார்த்தார். அவருக்கு 20 வயது.

95-வது நிமிடம். குரோஸ் தூக்கிப் போட்ட பந்து, ரூடிகர் பாய்ந்து தலையால் முட்டினார். அதே நேரம் ட்ருபினும் பந்துக்குப் பாய்ந்தார். இருவரும் மோதி விழுந்தார்கள். பந்து உள்ளே. ரூடிகர் முகமெல்லாம் ரத்தம். கோல் அடித்தவர் அதைக் கொண்டாட எழ முடியாமல் கிடந்தார். 1–1.

மைதானம் அப்படியே அமைதியானது. பிறகு யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். அப்புறம் எல்லோரும்.

டிராமில் அம்மா பேசவே இல்லை. இறங்கும் இடம் வந்தபோது மட்டும், ‘ட்ருபின் நம்ம ஊர்ப் பையன்’ என்றார். ட்ருபின் பிறந்தது டொனெட்ஸ்கில், 2001-ல். கிளப் ஊரை விட்டுக் கிளம்பியபோது அவருக்கு வயது 12.

நவம்பர் 3

கிளாஸ்கோவில் போன வாரம் செல்டிக்கோடு 1–1. முத்ரிக் வளைத்து அடித்த அந்தக் கோலை நூறு தடவை பார்த்திருப்பேன். நேற்று வார்சாவில் லைப்சிக்கிடம் 0–4. ஜெயித்திருந்தால் அடுத்த சுற்று. களைத்துப் போயிருந்தார்கள், அவ்வளவுதான். 6 புள்ளி, குழுவில் மூன்றாம் இடம், இனி அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீக். அம்மா தம்பிக்கு ஸ்கோர் அனுப்பவில்லை. தோற்றால் அனுப்பமாட்டார். அனுப்பாவிட்டாலே அவருக்குப் புரிந்துவிடும்.

ஜனவரி 16, 2023

முத்ரிக் போய்விட்டார். செல்சி, 7 கோடி யூரோ, அதற்கு மேல் போனஸாக 3 கோடி வரை. நேற்று லண்டன் மைதானத்தில் தோளில் உக்ரைன் கொடியோடு நின்றார். கிளப் தலைவர் அக்மெதோவ் இரண்டரைக் கோடி டாலரை மரியுபோலைக் காத்த வீரர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் தருவதாக அறிவித்தார்.

எனக்கு வருத்தம், மறைக்க மாட்டேன். அம்மாவுக்கு இல்லை. ‘மரியுபோலில் அஸோவ்ஸ்தால் இரும்பாலையில் இருந்த பையன்களுக்குக் கை கால் வேண்டும், சினோக். முத்ரிக் அங்கே ஓடட்டும்’ என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பிப்ரவரி 24

இன்றோடு ஒரு வருடம். நேற்று ராத்திரி யூரோப்பா லீக், ஃபிரான்ஸில் ரென் அணியோடு இரண்டாம் ஆட்டம். வார்சாவில் 2–1 என்று ஜெயித்துவிட்டுத்தான் போயிருந்தோம்.

90 நிமிடத்தில் ரென் 1–0. இரண்டு ஆட்டமும் சேர்த்து 2–2. எக்ஸ்ட்ரா டைமில் இன்னொரு கோல் வாங்கினோம். மணி பதினொன்றைத் தாண்டியது. 119-வது நிமிடம், ரென் தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது! இதற்கெல்லாம் ஒரு விளக்கமும் கிடையாது. பெனால்டி.

ட்ருபின் தடுத்தார். மறுபடி தடுத்தார். நம் ஆட்களும் தவறவிட்டார்கள். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டார், சத்தம் காதில் விழக்கூடாதென்று. 5–4. கத்தியது நான்தான், மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார்.

போன வருடம் இதே நாள் விடியற்காலையில்தான் கார்கிவில் முதல் வெடிச் சத்தம் கேட்டு எழுந்தாராம். நேற்று விடியும் வரை விழித்தே இருந்தோம். டீ போட்டார், எலுமிச்சைத் துண்டு போட்டு. 2018 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி கார்கிவுக்கு வந்து நம்மை 3–0 என்று அடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எனக்கு அந்த மஃப்ளரைக் கட்டிவிட்டவர் இவர்தான்.

மார்ச் 17

ராட்டர்டாமில் ஃபெயனூர்ட் 7, ஷக்தார் 1. ஏழு. முதல் ஆட்டம் இங்கே 1–1. அதில் கோல் அடித்தவர் ரகித்ஸ்கி. ரஷ்யாவின் ஜெனித் அணியில் ஆடிக்கொண்டிருந்தவர், போர் தொடங்கியதும் அதை விட்டு வந்தார், இந்தக் குளிர்காலத்தில் பழைய கிளப்புக்கே திரும்பினார். அது போதும் எனக்கு. நேற்றைய ஆட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

மே 28

லிவிவ் அரினா, காலி இருக்கைகள், ஷக்தார் 3, தினிப்ரோ-1 0. சாம்பியன்!

தினிப்ரோ-1 தான் இரண்டாம் இடத்தில் இருந்தது. யோவிச்செவிச் போன வருடம் வரை அந்த அணியின் பயிற்சியாளர். இப்போது அந்த அணியின் பயிற்சியாளர் குச்சர், 2009-ல் இஸ்தான்புலில் ஷக்தார் யூஇஎஃப்ஏ கோப்பை ஜெயித்தபோது தடுப்பில் நின்றவர். அம்மா அவரைத் திரையில் பார்க்கும்போதெல்லாம், ‘இளைத்துவிட்டான்’ என்றார். எதிரணிப் பயிற்சியாளர் என்ற கோபமே இல்லை.

நேற்று இரவு கீவ் மேல் கூட்டம் கூட்டமாக ட்ரோன்கள் வந்தன. காலையில் எழுந்ததும் ஆட்டம் நடக்குமா என்றுதான் பார்த்தோம். நடந்தது. மூன்றாவது கோலுக்குப் பிறகு நான் அழுதேன். இவர்கள் போருக்கு நடுவே ஆடினார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. நன்றாக ஆடினார்கள். மாட்ரிடுக்கு எதிராக ஆடிய அதே மாதிரி, யாருமில்லாத மைதானத்திலும் பந்தை வாங்கி முன்னால் பார்த்து ஆடினார்கள்.

விசில் ஊத இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. அம்மா ஸ்கோர் அனுப்ப மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அதற்குள் அவர் போன் அதிர்ந்தது. தம்பியிடமிருந்து இரண்டே எழுத்து. இந்த ஒரு வருடத்தில் அவர் முந்திக்கொண்டு அனுப்பியது இதுதான் முதல் தடவை.

‘14’.

ஷக்தாரின் பதினான்காவது பட்டம். அம்மா ஒரு புள்ளி வைத்து அனுப்பினார்.