போதகர் வீட்டுக் கதையைக் கொழும்பில் புத்தகமாக்கிய அனுபவம்

போதகர் குடும்பத்தைப் பற்றி நாவல் எழுதி வைத்துக்கொண்டு, அதைக் கொழும்பில் எப்படிப் புத்தகமாக்குவது என்று யோசிப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதும் விதம் பற்றி இதில் ஒன்றும் இல்லை. எழுதி முடித்த பிறகு நடந்தவைதான். புத்தகம் வந்துவிட்டது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனாலும் சிலர் சொன்ன வார்த்தைகள் இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கின்றன.

நான் போதகர் வீட்டுப் பிள்ளை. ஆனால் நாவல் என் அப்பாவின் கதை இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தமிழ்ச் சபை; பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்து, பதுளை, ஹட்டன் என்று இருந்துவிட்டுக் கொழும்புக்கு மாற்றலாகி வரும் ஒரு போதகர்; டியூஷன் கொடுத்து வீட்டுச் செலவைச் சமாளிக்கும் மனைவி; இரண்டு பிள்ளைகள். சின்னவனை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனால் வசிப்பிடத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். இருப்பதோ மிஷன் வீட்டில். காணி உறுதியும் இல்லை, வாடகை ஒப்பந்தமும் இல்லை, எல்லாம் சபையின் பெயரில். புள்ளி கிடைக்காமல் அந்த நேர்முகத்தை முடித்துக்கொண்டு பாடசாலைப் படியிறங்கும் அம்மாவில்தான் கதை தொடங்குகிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போதகருக்கு நித்திரை இல்லாமல் போகிறது, பிரசங்கம் ஆயத்தம் பண்ண முடியவில்லை, ஒரு ஞாயிறு ஆராதனைக்கு மணி அடித்த பிறகும் அங்கி போட்டபடி உள்ளறைக் கதிரையில் இருக்கிறார், எழும்ப முடியவில்லை. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மனைவி அவரை மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகிறாள். வந்த வில்லங்கம் முழுக்க இந்த அத்தியாயத்தால்தான்.

முதலில் ஒரு கிறிஸ்தவ வெளியீட்டுக் குழுவிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். மாதக்கணக்காகப் பதில் இல்லை. போன் பண்ணினால் குழு இன்னும் கூடவில்லை, கூடினால் சிலர் வாசிக்கவில்லை, வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார். கடைசியில் கூப்பிட்டார்கள். மேசையில் என் பிரதி இருந்தது. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை சிவப்புப் பேனையால் ஒரே கோடு. மற்ற அத்தியாயங்களில் ஓர் எழுத்துப் பிழைகூடத் திருத்தப்படவில்லை. அவற்றை வாசித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

"மகள், நல்லா எழுதியிருக்கிறீங்க. ஆனா போதகர் குளிசை போடுறதா எழுதினா சபையார் இடறலடைவாங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "அங்கொடைக்குப் போன பாஸ்டர் எண்டு சனம் கதைக்கும்" என்றார். கதையில் அவர் அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லை, ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத்தான் போகிறார், அப்படிப் போயிருந்தாலும் அதில் என்ன வெட்கம்? கடைசியில், உபவாச ஜெபத்தில் சுகமாகிறார் என்று முடித்தால் அச்சடிக்கலாம் என்றார்கள். 'நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்' என்ற சங்கீத வசனமும் வந்தது.

நானும் வேதத்தை எடுத்துத்தான் பேசினேன். எண்ணாகமம் 11இல் மோசே, இந்தப் பாரம் தாங்க முடியவில்லை, என்னைக் கொன்றுபோடும் என்று கர்த்தரிடமே கேட்கிறான். 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாகக் கேட்கிறான். தூதன் வந்து அவனைக் கண்டிக்கவில்லை, அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், சாப்பிட்டுவிட்டு அவன் திரும்பவும் படுக்கிறான். இதை எழுதிவைத்த வேதம் இடறல் இல்லையென்றால் என் போதகர் மட்டும் எப்படி இடறல்? "அது வேற, இது வேற" என்றார்கள். பிரதியைத் திருப்பித் தரவும் இல்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் யார் வாசிப்பார்கள், எப்போது பதில் தருவார்கள் என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் ஓர் இலக்கியப் பதிப்பகம். அங்கே நேர்மாறு. கிளினிக் அத்தியாயம் பதிப்பாளருக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் ஜெபங்களை எடுத்துவிடச் சொன்னார், பிரசார வாடை அடிக்கிறதாம். போதகர் வீட்டில் ஜெபம் இல்லாமல் எப்படி? அரிசி முடிந்த இரவில் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு அந்த அம்மா முழங்காலில் நின்று கர்த்தரோடு சண்டை பிடிக்கிறாள். அந்த ஜெபத்தை எடுத்தால் அவளுடைய கோபமும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் அவள் வாய்விட்டுக் கோபப்படுகிற ஒரே இடம் அதுதான். சபையாருக்கு முன்னால் அவள் கோபப்படவே முடியாது. இதை நான் சொல்லிக் காட்டியும் அவருக்கு ஏறவில்லை. சரி, நானே போடுகிறேன் என்று வந்துவிட்டேன்.

தட்டெழுத்து விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். நான் யூனிகோடில் அடித்திருந்தேன். அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்வார், மாற்றிப் போட்டுத் தந்தார். வந்த புரூஃபில் காற்புள்ளி இருந்த இடமெல்லாம் 'இ' என்று நிற்கிறது. பாமினியில் காற்புள்ளி விசை 'இ' எழுத்துக்கு உரியது, அதனால் சரியாக மாற்றாவிட்டால் இப்படித்தான் வரும். "கர்த்தாவேஇ எவ்வளவு காலம்" என்று ஜெபம் முழுக்க இ, இ, இ. ஆஸ்பத்திரிக் காட்சியில் ஐசியு என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன், அது 'ஐஊரு' என்று வந்திருக்கிறது. "அக்கா, அது ஏதோ ஊர்ப் பெயர் எண்டு நினைச்சு விட்டிட்டன்" என்றார் தம்பி. அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தரப்பட்ட நேரம் அவ்வளவுதான். ஆங்கில எழுத்துகள் எதுவும் இல்லாமல் எல்லாவற்றையும் தமிழில் அடித்துக் கொடுங்கள், மாற்றிய பிறகு வருகிற பிரதியைத்தான் புரூஃப் பாருங்கள், அதுவும் தாளில் எடுத்து.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்குரிய சர்வதேச அடையாள எண், எடுப்பது ஒரு பிரச்சினையே இல்லை. சுதந்திர மாவத்தையில் இருக்கும் தேசிய நூலகத்தில் விண்ணப்பித்தேன், கிடைத்தது. எழுத்தாளரே வெளியீட்டாளராகவும் விண்ணப்பிக்கலாம். எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பின்னட்டையில் பார்கோட் வர வேண்டும் என்பதால் அட்டை வடிவமைக்க முன்பே எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். அச்சகத்தின் பெயரும் விலாசமும் புத்தகத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். 1885ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் போக வேண்டும், அது அச்சிடுபவரின் பொறுப்பு, கணக்கு முடிக்கும்போது ஞாபகப்படுத்துங்கள்.

300 பிரதிதான் அடிப்பதாக இருந்தால் டிஜிட்டல் அச்சே போதும். நான் 500 என்று ஓஃப்செட்டுக்குப் போனேன். அதில்தான் அணிந்துரைச் சிக்கல் வந்தது.

அணிந்துரை தருவதாகச் சொன்னவர் மூத்த போதகர் ஒருவர். கையெழுத்துப் பிரதியை இரண்டே இரவில் வாசித்துவிட்டு, தன் வாழ்க்கையில் நடந்தவற்றையும் சேர்த்து நான்கு பக்கம் எழுதித் தந்திருந்தார். அதை வாசித்து நான் அழுதேன். பக்கமெல்லாம் வைத்து, பாரம் (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களின் தொகுதி) கட்டி, பிளேட்டுக்குப் போகும் நேரத்தில் ஒரு போன். "பிள்ளை, என்ர பேர் வேண்டாம். மேலிடத்தில கதைக்கிறாங்க. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் கிடக்கு." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அவரிடம் கோபம் வரவில்லை. ஓய்வு பெறும் நாளில் மிஷன் வீட்டுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும், சொந்தமாக ஒரு துண்டு காணி கிடையாது, அவர் என்ன செய்வார்? அவரைப் பயப்படுத்தியவர்கள்மேல்தான் கோபம், அது இன்றுவரை இருக்கிறது.

ஆனால் பாரம் பதினாறு பக்கம், நான்கு பக்கத்தைச் சும்மா உருவ முடியாது. அச்சகத்தில் வெறுமையாக விடலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே ஸ்டூலில் இருந்து, போதகர்மாரின் மனைவிமாருக்கு என்று ஒரு கடிதம் எழுதினேன். நித்திரை போனால், அழுகை நிற்காவிட்டால், சாகலாம் போல இருந்தால் ஜெபியுங்கள், அதோடு மருத்துவரிடமும் போங்கள் என்று எழுதி, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டேன். இப்போது பார்த்தால் புத்தகத்தில் அதிகம் பேசப்படுவது அந்தப் பக்கங்கள்தான்.

இன்னொரு விஷயம், வீட்டாருக்கு அச்சுக்குப் போகுமுன் வாசிக்கக் கொடுங்கள். அம்மா ஒவ்வொரு அத்தியாயமாக வாசித்தார். ஒரு பந்தியை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன், அது எது என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். எவ்வளவுதான் ஊரையும் பெயரையும் மாற்றினாலும் "இது எந்தப் பாஸ்டர்? அவரா?" என்றுதான் முதல் கேள்வி வரும். எனக்கு ஒரே வாரத்தில் வெவ்வேறு ஆட்களின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். கற்பனை என்று முதல் பக்கத்தில் போட்டாலும் நம்பமாட்டார்கள். அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள், ஒருவரை இல்லை என்றால் மற்றவர் என்று முடிவெடுத்துவிடுவார்கள். "வாசியுங்கோ" என்று மட்டும் சொல்லுங்கள்.

வெளியீட்டுக்கு ஒரு சபை மண்டபம் பேசி முற்பணமும் கட்டியிருந்தேன். அழைப்பிதழில் அட்டைப்படம் பார்த்திருக்கிறார்கள்: கதிரையில் மடித்துப் போட்ட அங்கி, பக்கத்தில் மருந்துச் சீட்டு. அன்று வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று சொல்லி இல்லையென்றுவிட்டார்கள். முற்பணம் வர நான் எத்தனையோ தரம் நடக்க வேண்டியிருந்தது, வந்தபோதும் 'துப்புரவுக் கட்டணம்' கழித்துத்தான் வந்தது, காலடி வைக்காத மண்டபத்துக்கு. முற்பணம் கட்டினால் ரசீதில் திகதி, நேரம், மண்டபத்தின் பெயர் மூன்றும் எழுதி வாங்குங்கள். என்னிடம் ரசீது இருந்தபடியால்தான் அந்தளவாவது வந்தது.

அவசரத்தில் வெள்ளவத்தை தமிழ்ச் சங்கத்துக்குப் போனேன். 1942இல் தொடங்கிய சங்கம், கொழும்பில் எத்தனையோ தமிழ் நூல்கள் வெளியான இடம். ஒரு தேதி கிடைத்தது, கூட்டமும் நல்லபடி நடந்தது. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள், சபை மண்டபத்தில் வைத்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் வந்திருக்கமாட்டார்கள். ஒரு கோயில் ஐயரின் மகள் கையொப்பம் வாங்க வந்து, "அக்கா, எங்கட வீட்டிலயும் இதேதான், அப்பாவுக்கு ஒரு நாளும் சுகமில்லாமல் வரக்கூடாது" என்றாள். குழுவில் எனக்குக் கோடு போட்டுக் காட்டிய அத்தியாயத்தைத்தான் அவள் மடித்து வைத்திருந்தாள்.

விற்பனைக்குக் கடைகளை நம்பி இருக்காதீர்கள். கழிவு 35 வீதம் கேட்டார்கள், விற்ற காசைக் கேட்கப் போனால் முதலாளி இல்லை, கணக்குப் பிள்ளை இல்லை. ஒரு கடையில் என் புத்தகங்கள் திறக்காத கட்டாகவே மேசைக்கடியில் கிடந்தன, "கொம்ப்ளைன் வந்தது, அதுதான் வெளியில வைக்கேல்ல" என்றார்கள். அன்றே திருப்பி எடுத்துக்கொண்டேன். பிறகு போதகர்மாரின் மனைவிமார் வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் சொல்லி, தபாலில் எடுக்கத் தொடங்கினார்கள். சிலர் மிஷன் வீட்டு விலாசத்துக்கு அனுப்ப வேண்டாம், தங்கச்சி வீட்டுக்கு அனுப்புங்கள் என்றார்கள். கட்டு கரைந்தது அப்படித்தான்.

போன மாதம் அதே கடையிலிருந்து போன். ஆட்கள் வந்து கேட்கிறார்களாம், 20 பிரதி கணக்குக்குத் தர முடியுமா என்றார்கள். கைக்காசுக்கு மட்டும்தான், கழிவு 25, அதோடு முன் தட்டில் வைக்க வேண்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்தார்கள். அன்று பின்னேரமே ஓட்டோவில் பையனிடம் காசு கொடுத்து அனுப்பியிருந்தார்கள், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு கட்டை ஏற்றிவிட்டேன்.