குவிண்டால்னா எத்தனை மூட்டை?

நெல் விலை அறிவிப்பு வந்தால் அப்பா போன் பண்ணிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான். 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2545 என்று சொன்னது. குவிண்டால் என்பது 100 கிலோ, பத்து குவிண்டால் ஒரு டன். கணக்கு அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் யாரும் குவிண்டாலில் யோசிப்பதில்லை, மூட்டைதான். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், அதாவது இரண்டரை சிப்பம் சேர்ந்தால் ஒரு குவிண்டால், அந்த விலையில் பொது ரகம் சிப்பத்துக்கு ஆயிரம் ரூபாய். இது சுலபம்.

வியாபாரியிடம் போனால்தான் வம்பு. இந்தத் தடவை அறுப்பு நேரத்தில் மழை, ஈரப்பதம் கொள்முதல் நிலையம் கேட்கும் 17 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிற மாதிரி இல்லை, களத்தில் கொட்டி வைத்துக் காத்திருக்க முடியாமல் 40 மூட்டையை வியாபாரிக்குப் போட்டோம். 60 கிலோ மூட்டைக்கு 1400 என்று பேச்சு. எடை போடும்போது பார்த்தால் 62 கிலோ வைக்கிறார்கள். கேட்டால் "சாக்கு எடைங்க, காலங்காலமா இப்படித்தான்". காலிச் சாக்கை நானே தராசில் போட்டேன், ஒரு கிலோகூட வரவில்லை! குவிண்டால் கணக்குப்படி 2333 என்று நினைத்து விற்றது, 62ஆல் வகுத்தால் 2258. மொத்தத்தில் 80 கிலோ நெல், சுளையாக இரண்டு சிப்பம், அதில் சாக்கு எடை என்று பாதியைக் கழித்தாலும் ஒரு சிப்பம் போச்சு.

குவிண்டாலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்பது வேடிக்கை. நூறு என்று பொருள்படும் லத்தீன் சொல், அரபியில் கின்தார் ஆகி, அப்புறம் ஐரோப்பாவுக்கே திரும்பிப்போய் குவிண்டால் ஆனது. அப்போது அது நூறு ராத்தல் (பவுண்டு), ராத்தலோ ஊருக்கு ஊர் வேறு. மெட்ரிக் முறை வந்த பிறகுதான் நூறு கிலோ என்று நிலைத்தது. யாழ்ப்பாணத்து நண்பர் சொல்லும் அந்தர் என்ற எடை அளவும் நூறை வைத்து வந்த பேர்தான், ஆனால் ஆங்கிலேயர் கணக்கில் அது 112 ராத்தல்.

நேற்று அப்பா, "ஏக்கருக்கு 32 மூட்டை கண்டுச்சுப்பா" என்றார். எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை, அப்புறம் "நம்ம மூட்டைதாண்டா" என்றார்.